பேர் சொல்லித் திருப்பிய பஸ்

தொம்பமுல்லை அபிவிருத்திச் சங்கத் தலைவர் பொய் சொல்கிறார்.

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. போன மாதம் எங்கள் ரப்பர் தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கில் புதிய பஸ் தரிப்பிடம் திறந்தார்கள். ரிப்பன் வெட்டி, பால்சோறு கொடுத்தார்கள். பால்சோறு நன்றாகவே இருந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். பிறகு தலைவர் மைக்கைப் பிடித்து, இந்த இடத்தின் வரலாற்றைச் சொல்கிறேன் என்றார்.

“ஒரு காலத்தில் இது வெறும் காடு. நாங்கள் மேலிடத்தில் பேசி மெஷின் கொண்டுவந்து வெட்டினோம். அன்றைக்குத்தான் இங்கே பஸ் வந்தது.”

எல்லோரும் கை தட்டினார்கள். பின்வரிசையில் இருந்த எங்கள் லயத்து வரிசைவீட்டு ஆட்களும் தட்டினார்கள். எனக்கு அதிலேதான் கோபம் தலைக்கேறியது.

காடாம். மெஷினாம்.

இந்த வாரப் பத்தியில் ரப்பர் ஸ்டோரின் புகைக்கூடத்தைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். புகைக்கூடம் எங்கும் ஓடிவிடாது. முதலில் இதை முடிக்கிறேன்.

ஹோர்ன் வந்த காலை

பஸ்ஸைக் காண்பதற்கு முன் அதன் ஹோர்னைத்தான் கேட்டோம். கீழே ரப்பர் மரங்களுக்குள் ஏதோ ஒரு வளைவில் நீளமாக அடித்தது. லயத்து நாய்கள் எல்லாம் எழுந்து நின்றன. அதுவரை அவை லொறி ஹோர்ன் மட்டுமே கேட்டவை. இது எந்த ஊர் மிருகம் என்று தெரியாமல் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வருடத்தைக் கேட்காதீர்கள், எனக்கு நிச்சயமில்லை. ஞாயிற்றுக்கிழமை என்பது நிச்சயம். ஏனென்றால் மறுநாள் திங்கட்கிழமை தெஹியோவிட்டத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எனக்கு உயர்தர வகுப்பு தொடங்க இருந்தது.

தொடங்குமா என்பது அந்த பஸ்ஸைப் பொறுத்தது.

அப்பா அதற்கு முந்திய மாதமே சொல்லிவிட்டார். “பஸ் மேல வந்தா படி. வராட்டி பேர் பதிஞ்சுக்க.” பேர் பதிவது என்றால் தோட்டத்தில் நிரந்தர வேலைக்குச் சேர்வது. மறுநாளே கையில் வெட்டுக்கத்தியும் பால் வாளியும் வந்துவிடும்.

அப்பாவைக் கொடுமைக்காரர் என்று நினைக்க வேண்டாம். மேல்கணக்கிலிருந்து கடைவீதிக்கு இறங்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமானால் விடியுமுன் ரப்பர் காட்டுக்குள் நடக்க வேண்டும். அட்டை கடிப்பது பெரிதில்லை. பன்றிக்குக் கட்டுத்துவக்கு வைக்கும் ஆட்கள் இருந்தார்கள். கம்பியில் கால் பட்டால் வெடிக்கும். போதாததற்குப் பாலத்தடியில் சோதனைச் சாவடி. தமிழ்ப் பிள்ளை இருட்டில் தனியாக வந்தால் என்ன கேட்பார்கள், எவ்வளவு நேரம் நிறுத்துவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அப்பா பயந்தார். அவருடைய பயத்தில் நியாயம் இருந்தது. எனக்குத்தான் அந்த நியாயம் பிடிக்கவில்லை.

ஆகவே அன்று காலை பஸ்ஸுக்குச் செம்பருத்தி மாலை கட்டிக்கொண்டு நின்றவர்களில் என்னைப் போல் அதை எதிர்பார்த்தவர்கள் யாரும் இல்லை.

கடைவீதியைப் பற்றிக் கொஞ்சம்

தொம்பமுல்லையைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. தெஹியோவிட்டையிலிருந்து உள்ளே போகும் ரோட்டில் ஒரு பாலம், ஒரு அரச மரம், இரண்டு வரிசைக் கடை. அவ்வளவுதான் ஊர். பாலத்தடியில் ஒரு பெரிய புன்னை மரம் நின்றதாம். புன்னையைச் சிங்களத்தில் தொம்ப என்பார்கள். ரப்பர் ஷீட் ஏற்றிவந்த மாட்டு வண்டிகள் அந்த மரத்தடியில் அவிழ்த்துப் போட்டு இளைப்பாறும். வண்டிக்காரர்களுக்குத் தேத்தண்ணீர் விற்க ஒருவர் வந்தார். தேத்தண்ணீர் குடித்தவர்களுக்குச் சவரம் செய்ய இன்னொருவர் வந்தார். அப்படித்தான் ஊர் உண்டானது. ராஜா யாரும் கட்டவில்லை.

தலைவர் வரலாறு பேசுவதானால் இதையெல்லாம் பேசியிருக்கலாம். கடைவீதியில் ஒரு சினிமாக் கொட்டகை இருந்ததைச் சொல்லியிருக்கலாம். அது கைவிடப்பட்ட ரப்பர் ஷீட் கிடங்கு. காலையில் சிங்களப் படம், பின்னேரம் தமிழ்ப் படம். எந்தப் படம் பார்த்தாலும் வெளியே வரும்போது தலைமுடியில் ரப்பர் புகை வாசம் வீசும். வேலைக்கு வராமல் படத்துக்குப் போனவர்களைக் கணக்கப்பிள்ளை மோந்து பார்த்தே பிடிக்கப் பார்த்தார். ஆனால் ஸ்டோரில் வேலை செய்தவர்களும் அதே வாசம்தான் வீசினார்கள். பாவம், அவரால் பிரித்தறிய முடியவில்லை.

கடைவீதி முஸ்லிம் நானாவின் கடைக்கு முதல் ஐஸ் பெட்டி வந்ததைச் சொல்லியிருக்கலாம். வாங்க வந்தவர்களை விட மூடியைத் திறந்து முகத்தை உள்ளே விட வந்தவர்களே அதிகம். “மூஞ்சிய விட்டா ஐஸ் உருகுது, வாங்கிட்டு விடுங்க புள்ள” என்று நானா கத்துவார்.

இதெல்லாம் எழுதாமல் போன சங்கதிகள். எழுதாததால் யார் வேண்டுமானாலும் மைக்கைப் பிடிக்கலாம் என்று ஆகிவிட்டது.

லொறியை வைத்து அளந்தோம்

இனி உண்மைக்கு வருகிறேன்.

கடைவீதியிலிருந்து தெஹியோவிட்டைக்கு ஒரு சிங்கள முதலாளியின் பஸ் ஓடியது. எங்கள் ஆட்கள் ஞாயிற்றுச் சந்தையில் அவரைப் பிடித்துக் கேட்டார்கள். காலையில் மேல்கணக்கிலிருந்து புறப்பட்டால் ஆள் நிறைய ஏறும் என்றார்கள். முதலாளி நல்ல வியாபாரி. “ஏற ரோடு இருக்கு. திருப்ப எடம் இல்லையே. திருப்ப எடம் காட்டுங்க, நான் வாறேன்” என்றார் தமிழிலேயே.

திருப்ப இடம் வெட்டினோம்.

ரப்பர் தோட்டத்தில் மழை பெய்தால் வேலை கிடையாது. பட்டை நனைந்தால் பால் வெட்டிய கோட்டில் ஓடாது, மரமெல்லாம் வழிந்து வீணாகும். மழை பெய்த நாள் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, போனவர்கள் அப்படியே திரும்பி வருவார்கள். அந்த நாட்களில்தான் மண்வெட்டியும் அலவாங்கும் தூக்கினோம். நனைந்துகொண்டே மேட்டை வெட்டி, கூடையில் மண் சுமந்து, பள்ளத்துப் பக்கம் கொட்டினோம். தோட்டத்து உதவி மனேஜர் சின்னத்துரை ஒருநாள் குடையோடு வந்து பார்த்தார். “நான் இன்னும் இதைப் பார்க்கல. பார்க்கிறதுக்குள்ள முடிச்சிருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மனிதன் நன்றாக இருக்கட்டும்.

எவ்வளவு அகலம் வெட்டுவது? எங்களுக்குத் தெரிந்த வண்டி ஒன்றே ஒன்று. தோட்டத்து லொறி. அதன் டிரைவர் பியதாச, எங்களோடு பிறந்து வளர்ந்தவர் மாதிரி. அவர் லொறியைக் கொண்டுவந்து, அதுவரை வெட்டியிருந்த இடத்துக்குள் ஒடித்து ஒடித்து ஒரு வட்டம் அடித்தார். பின்னாலேயே இரண்டு பேர் பால் வாளி கழுவிய வெள்ளைத் தண்ணீரை ஊற்றிக் கோடு போட்டார்கள். அது காய்ந்து பழுப்பு நிறத்தில் தரையில் ஒட்டிக்கொண்டது. அந்தக் கோட்டுக்கு ஒரு முழம் கூட்டியே வெட்டினோம். பியதாச மறுபடியும் லொறியைச் சுற்றிக் காட்டினார், ஒரு கையால் பீடி பற்றவைத்துக்கொண்டே.

“லொறியும் பஸ்ஸும் ஒரே சாதிதான். பஸ்ஸுக்கு ஜன்னல் இருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்” என்றார்.

எல்லோரும் நம்பினோம். நானும் நம்பினேன். சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் பாஸ் பண்ணியிருந்த ஒரே ஆள் நான். எனக்கும் உறைக்கவில்லை.

பின்பக்கம்

பஸ் வந்தது. எலுமிச்சங்காய் நசுங்கியது. மாலை போட்டோம். முன் சீட்டில் முதலாளி வெள்ளைச் சாரத்தில் உட்கார்ந்திருந்தார். வழியில் ஏறிய நாட்டுச் சிங்களவர், அதாவது பக்கத்துக் கிராமத்து ஆட்கள், சிலர் வேடிக்கைக்காகவே மேலே வரை வந்திருந்தார்கள்.

ஃபுட்போர்டில் கண்டக்டர் தொங்கிக்கொண்டு வந்தார். மெலிந்த இளைஞர். தோளில் தோல் பை, சட்டைப் பையில் சீப்பு. பஸ் நிற்கும் இடமெல்லாம் தலை வாருவார்.

அவரைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தக் கண்டக்டர்தான் இன்றைய அபிவிருத்திச் சங்கத் தலைவர்.

பஸ் வட்டத்துக்குள் நுழைந்தது. மூக்கு அழகாகத் திரும்பியது. நாங்கள் கை தட்ட ஆரம்பித்தோம். அப்போது பின்னால் ‘டொம்’ என்று ஒரு சத்தம். பஸ்ஸின் பின்பக்கம் மேட்டில் முட்டிக்கொண்டது. லொறிக்கு இல்லாத அவ்வளவு நீளம் பஸ்ஸுக்குப் பின் சக்கரத்துக்கு அப்பால் இருந்தது. யாருமே அதை யோசிக்கவில்லை. முன்னால் போனால் வடிகால் கான். பின்னால் போனால் மேடு. டிரைவர் முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார். சக்கரம் சேற்றில் சுற்றியது.

கண்டக்டர் இறங்கிச் சுற்றிப் பார்த்தார். சீப்பை எடுத்து வாரினார். பிறகு தீர்ப்புச் சொன்னார். “மேக்க ஹரவன்ன பே, முதலாளி.” இதைத் திருப்ப முடியாது.

முதலாளி ஜன்னலால் தலையை நீட்டினார். “எப்படியாவது பின்னாலேயே எறக்குங்க. இனி இங்க வாறது இல்ல.”

எல்லோரும் பியதாசவைப் பார்த்தார்கள். பியதாச பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்த்தார். “என்ட லொறி நல்லாத்தானே திரும்பிச்சு” என்றார் மெதுவாக.

அப்பா என் பக்கத்தில்தான் நின்றார். திட்டவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகம் துடைத்தார். “சரி புள்ள. நாளைக்குக் காலையில என்னோட பெரட்டுக்கு வா” என்றார்.

நான் அழவில்லை. அழத் தெரிந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். கையில் மிச்சமிருந்த செம்பருத்திப் பூவைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பியானோவும் துரையும்

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். எங்கள் தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்லாவிட்டால் மேற்கொண்டு நடந்தது புரியாது.

பாரமான சாமான் எதையும் நகர்த்தும்போது எங்களில் ஒருவர் மேட்டில் ஏறி நின்று கூப்பிடுவார். அவர் பாட்டுப் பாடுவதில்லை. கை வைக்காமல் சும்மா நிற்பவன் பேரைச் சொல்லி, அவனை ஒரு குத்தும் குத்தி, “கை எங்க?” என்று கேட்பார். தூக்குகிறவர்கள் அத்தனை பேரும் “கை எங்க?” என்று திருப்பிக் கேட்பார்கள். பேர் சொல்லப்பட்டவன் ஓடிவந்து கை வைத்தே ஆக வேண்டும். வைக்காமல் நின்றால் அதற்கப்புறம் அவன் வீட்டுக் கல்யாணத்துக்கும் பந்தல் போட ஆள் வராது.

ஷீட் உருட்டும் ரோலர் மெஷினை மேல்கணக்கு ஸ்டோருக்கு ஏற்றியதும் இப்படித்தான் என்பார்கள். அதற்கும் முந்திய கதை ஒன்று உண்டு. வெள்ளைக்காரத் துரை தன் பெண்சாதிக்காகப் பியானோ ஒன்று வரவழைத்தாராம். ரோடு ஆற்றோடு நின்றுவிட்ட காலம். பியானோவை ஆட்கள் தோளில் ஏற்றினார்கள். துரை குதிரையில் பின்னாலே வந்தார். மேட்டில் நின்று கூப்பிட்டவள் எல்லார் பேரையும் முடித்துவிட்டு, “குதிரை மேல குந்தியிருக்கிற தொரையே, கை எங்க?” என்று கேட்டுவிட்டாள்.

என்ன சொல்கிறாள் என்று துரை கேட்டார். கணக்கப்பிள்ளை குனிந்துகொண்டே மொழிபெயர்த்தார். துரை குதிரையை விட்டு இறங்கி வந்து பியானோவில் கை வைத்தாராம்.

“ரெண்டு வெரல்தான் வச்சாரு. ஆனா வச்சாரு” என்று இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் செல்லாயி அக்கா முடிப்பார்.

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நான் நம்புகிறேன்.

கை எங்க? அத கோ?

செல்லாயி அக்கா ஸ்டோரில் ரோலர் சுற்றுகிறவர். குள்ளம். குரல் மட்டும் மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும். அப்பா என்னிடம் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது.

“ஏன் மச்சான், ஒரு பஸ்ஸு சூத்து இடிச்சதுக்காகவா புள்ளய பெரட்டுக்குக் கூப்பிடுற?” என்றார் அப்பாவிடம். பிறகு வாழைத்தோட்டத்துப் பக்கம் கையைக் காட்டி, “வாழ மரத்த வெட்டிக்கிட்டு வாங்கடா!” என்று கத்தினார்.

ரோலர் நகர்த்தும்போது செய்வது இதைத்தான். வாழைத்தண்டை நீளத்தில் பிளந்து, வழுக்குகிற உட்பக்கம் மேலே வருகிற மாதிரி கீழே போட வேண்டும். அதன்மேல் எதையும் பக்கவாட்டில் தள்ளலாம். முன் சக்கரங்களுக்குக் கல் வைத்தார்கள். பின் சக்கரங்களுக்கு அருகே தண்டுகளை அடுக்கினார்கள். ஒரு தடவை தூக்கி அதன்மேல் வைத்துவிட்டால் போதும், பின்பக்கத்தைத் தள்ளி மூக்கை ரோட்டுக்குக் காட்டலாம்.

செல்லாயி அக்கா வெட்டிய மேட்டில் ஏறினார். சேலையை இழுத்துச் செருகினார்.

“வெத்தலய மெல்லுற மாரிமுத்து மாமா, கை எங்க?”

“கை எங்க?”

மாரிமுத்து மாமா துப்பிவிட்டு ஓடினார்.

“புது மாப்புள வேசத்துல நிக்கிற ராஜு, கை எங்க?”

“கை எங்க?”

“லொறிய மட்டும் கண்ட பியதாச, கை எங்க?”

சிரிப்பில் பிடித்த கைகளெல்லாம் நழுவிவிட்டன. பியதாச பீடியை எறிந்துவிட்டுப் போய் நடுவில் தோளைக் கொடுத்தார். அப்பாவின் பேரும் வந்தது. “மகளப் பெரட்டுக்கு அனுப்புற மகராசா, கை எங்க?” அப்பா துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு போனார். என்னைப் பார்க்காமலே போனார்.

பஸ் ஆடியது. ஏறவில்லை. அக்கா முதலாளியைப் பார்த்தார்.

“சீட்டுல ஒட்டிக்கிட்ட மொதலாளி, கை எங்க?”

அதற்கு மட்டும் பதில் கூப்பாடு பாதிதான் வந்தது. நாளைக்கும் அவரிடம்தானே பஸ் கேட்க வேண்டும். முதலாளி இறங்கி, சாரத்தை மடித்துக் கட்டினார். “என்ட பஸ்ஸுக்கு நானும் தள்ளத்தானே வேணும்” என்று போய்ச் சேர்ந்தார். விசில் பறந்தது.

கடைசியாகக் கண்டக்டர். ஓரத்தில் நின்று, பையைத் தட்டிக் காட்டி, தான் காசுக்குப் பொறுப்பான ஆள் என்று சிங்களத்தில் சமாதானம் சொன்னார். அவரால் பையை விட்டு வர முடியாதாம். இந்த பஸ் அசையாது, பே, பே என்றார்.

“பே கியன்ன எப்பா, மல்லி!” என்றார் அக்கா. முடியாது என்று சொல்லாதே தம்பி. உடனே குரலை உயர்த்தினார். “தலைய வாரி வாரித் தேயிற தம்பி, கை எங்க?”

“கை எங்க?” இந்தத் தடவை நாட்டு ஆட்களும் சேர்ந்து கத்தினார்கள்.

அவர் முகம் சிவந்தது. சுற்றிப் பார்த்தார். பக்கத்தில் சும்மா நின்றது நான்தான். பையைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டு ஓடினார். ஓடிய வேகத்தில் வாழைத்தண்டில் கால் வைத்தார். அப்படியே வழுக்கிக்கொண்டு போய் பஸ்ஸுக்கடியில் பாதி உடம்பு நுழைந்து நின்றார்.

ஊரே சிரித்தது. எழுந்து வந்தார், தலையிலிருந்து கால்வரை சேறு. கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? தோளை பஸ்ஸில் முட்டுக்கொடுத்துக்கொண்டு, ஓரத்தில் நின்ற மற்றவர்களைப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினார்.

“அத கோ?”

கை எங்கே என்பதைத் தன் பாஷையில் கேட்டார். அதன் பிறகு ஓரத்தில் நின்ற ஒருவரும் மிஞ்சவில்லை. அக்கா “கை எங்க?” என்றார். அவர் “அத கோ?” என்றார். இரண்டு கூப்பாட்டுக்கும் நடுவே பஸ்ஸின் பின்பக்கம் எழும்பி வாழைத்தண்டில் உட்கார்ந்தது. பிறகு தள்ளினோம். ‘தள்ளினோம்’ என்று நான் எழுதலாம். பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நானும் போய்விட்டேன். வழுவழு என்று பஸ் நகர்ந்தது. யானை படுத்தபடியே புரளுவது மாதிரி. மூக்கு ரோட்டைப் பார்த்தது.

வாழைத்தண்டின் சாறும், டீசலும், நசுங்கிய எலுமிச்சையும் கலந்த அந்த வாசத்தை இன்றைக்கும் என்னால் சொல்லிவிட முடியும்.

முதலாளி கைகளைச் சாரத்தில் துடைத்தார். “நாளைக்கும் தூக்குவீங்களா?” என்று கேட்டார்.

“எடம் பெரிசாகிற வரைக்கும் தூக்குவோம். நீங்க வந்தாப் போதும்” என்றார் அக்கா.

“அப்ப வாறேன்.”

அப்பா என்னிடம் வந்தார். மூச்சு வாங்கியது. “வெள்ளச் சட்டையத் தோச்சுக் காயப்போடு புள்ள” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

சேற்றுச் சட்டை

திங்கட்கிழமை பஸ் வந்தது. தூக்கினோம். செவ்வாயும் வந்தது, தூக்கினோம். காலையில் பஸ் தூக்குவது பல் விளக்குவது மாதிரி ஆகிவிட்டது. பின்னேரங்களில் ஆட்கள் மேட்டை இன்னும் உள்ளே வெட்டினார்கள். இந்த முறை பஸ்ஸையே வைத்து அளந்தார்கள். பியதாசவின் லொறியை யாரும் கூப்பிடவில்லை.

கண்டக்டர் இரண்டாம் நாளிலிருந்தே ஒரு பழைய சட்டை கொண்டுவந்தார். வந்ததும் மாற்றிக்கொண்டு, யாரும் பேர் சொல்லாமலே தோளைக் கொடுப்பார். முடிந்ததும் பீலித் தண்ணீரில் கழுவி, தலை வாரி, “யங், யங்!”, போவோம் போவோம், என்று மணியடிப்பார்.

செல்லாயி அக்கா பள்ளிக்கூடப் பிள்ளை என்று இரக்கம் பார்ப்பவர் இல்லை. “வெள்ள வெளேர்னு நிக்கிற பரமேஸ், கை எங்க?” நானும் போய்க் கை வைத்தேன். முழங்கைவரை சேற்றோடு வகுப்புக்குப் போனேன்.

எங்களுக்குப் புவியியல் படிப்பித்த சேர் யாழ்ப்பாணத்துக்காரர். மிகவும் ஒழுங்கானவர். என் சட்டையைப் பார்த்துத் திகைத்துவிட்டார்.

“என்ன பிள்ளை இது? எங்கையன் விழுந்தனீரோ?”

“இல்ல சேர். பஸ் தூக்குனோம்.”

“பஸ்ஸுக்கை ஏறினனாங்கள் எண்டு சொல்லும்.”

“ஏறுறதுக்கு முந்தி தூக்குனோம் சேர்.”

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் கனக்க இடத்திலை படிப்பிச்சனான். பஸ் ஆக்களைத் தூக்கிறதுதான் கண்டனான்” என்றார். அதற்குப் பிறகு சேற்றோடு வரும் நாட்களில் என்னைக் கேள்வி கேட்காமல் முதல் வரிசையில் உட்கார வைத்தார்.

முதல் தடவை பரீட்சையில் தவறினேன். இரண்டாம் தடவை பாஸ். இன்று மேல்கணக்குப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. பஸ் இன்னும் வருகிறது. அந்தத் திருப்பத்தில் இப்போது மூன்று கடைகள், ஒரு சலூன், ஒரு டெலிபோன் கோபுரம். ஊர் உண்டான மாதிரியே அதுவும் உண்டானது.

தலைவருக்கு

திறப்பு விழாவுக்கு மறுநாள் ஐந்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள். “டீச்சர், இந்த எடத்த மெஷின் வந்து வெட்டுச்சாமே?” அவளுடைய தாத்தா மாரிமுத்து. அந்த மண்ணைக் கூடையில் சுமந்தவர். பேத்திக்கு மெஷின் கதை தெரிகிறது, தாத்தா கதை தெரியவில்லை.

செல்லாயி அக்காவும் அன்று பின்வரிசையில் இருந்தார். அவரும் கை தட்டினார். ஏன் அக்கா தட்டினீர்கள் என்று சண்டை பிடித்தேன். “விடுடி, அந்தத் தம்பி நல்லாப் பேசுனான். பஸ்ஸு வருதுல்ல, அது போதும்” என்றார். அவருக்குப் போதும். எனக்குப் போதாது.

தலைவரே, எங்களை நீங்கள் மறந்திருந்தால் வழக்கம்போலத்தான் என்று விட்டிருப்பேன். எங்களை மறக்கிறவர்கள் ஏராளம், ஒவ்வொருவரோடும் சண்டைக்குப் போக எனக்கு நேரமில்லை. ஆனால் நீங்கள் உங்களையே அழித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு மெஷினை நிறுத்தியிருக்கிறீர்கள். அங்கே சேற்றில் விழுந்து எழும்பி, முதலாளியோடும் பால் வெட்டுகிறவனோடும் தோளுக்குத் தோள் நின்ற கண்டக்டர் பையனை எனக்குத் தெரியும். நான் பார்த்த மிக நல்ல மனிதர்களில் அவர் ஒருவர். அவரைச் சொல்ல உங்களுக்கு என்ன வெட்கம்? அவர் தோட்டத்து ஆட்களோடு சேறு பூசியதா, கண்டக்டராக இருந்ததா, எது?

ஆகவே கேட்கிறேன். மேல்கணக்கில் முதல் பஸ்ஸைத் திருப்பியது மெஷினா, ஆட்களா? அந்த நேரத்தில் நீங்கள் எங்கே நின்றீர்கள்?

என் வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டாம். தேத்தண்ணீருக்குக் கூப்பிட்டுச் சமாதானம் சொல்லவும் வேண்டாம். மைக்கில் சொன்னதற்கு அச்சில் பதில் வேண்டும், இதே பத்திரிகையில், உங்கள் பேர் போட்டு. தமிழில் எழுத வராது என்று சாக்குச் சொல்லாதீர்கள். சிங்களத்திலேயே எழுதி அனுப்புங்கள்.

மேல்கணக்கில் எங்கள் எல்லோருக்கும் சிங்களம் தெரியும்.